பெயருக்குப் பின்னால் ஒரு படிப்பு

ஆம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயரைத் தனியாக விடமாட்டோம். கல்யாணப் பத்திரிகையோ, வாசல் பலகையோ, கடைசியில் கல்லறைக் கல்லோ, எதுவானாலும் பெயருக்குப் பின்னால் படித்த படிப்பைப் போட்டே ஆக வேண்டும். மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் கட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. நிலம் கிடையாது, கடை கிடையாது, தோல் பதனிடுகிற ஷாப்பும் மற்றவர்களுடையது. எங்களுக்கென்று இருந்த சொத்து அந்த இரண்டு மூன்று எழுத்துகள்தாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறு சொத்து இருக்கிறது.

என் தம்பி பெயருக்குப் பின்னால் அந்த இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் அம்மா வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாள். ஒரே ஒரு மாணவன், ஒரே ஒரு டீச்சர்.

தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். மூன்றாம் வகுப்பில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். ஓடும்போது விழுந்திருந்தால் பையன்கள் அப்படித்தான் என்று விட்டிருப்போம். இவன் நடக்கும்போது விழுந்தான், சும்மா நிற்கும்போதும் விழுந்தான். எழும்போது முழங்காலில் கை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பையே ஏணியாக வைத்து ஏறுவதுபோல நிமிர்வான். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தரையில் உட்காரவைத்து அப்படி எழுந்திருக்கச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற நோய் என்றார். மீதியை அம்மாவும் அப்பாவும் உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். நானும் தம்பியும் வெளியே பெஞ்சில் பன் தின்றுகொண்டிருந்தோம்.

நாலாம் வகுப்பு மாடியில் இருந்தது. தலைமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, "மாடிக்கு யாரும்மா தூக்கினு போவாங்க? கொணமானதும் ஜூன்ல கூட்டினு வாங்க, சீட்டு எங்கியும் போயிடாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அன்று சாயங்காலமே வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பா பதறிப்போனார். "ஒரு வார்த்தை கேக்காம வேலைய வுட்டுட்டு வந்தா இன்னா அர்த்தம்?"

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன் இல்ல? இனிமே என் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறேன். அதான் அர்த்தம்" என்றாள் அம்மா. என் வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் படிக்கவைப்பது என்றால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியாது. "பையன் பள்ளிக்கூடம் நின்னுட்டானா?" என்றுதான் கேட்பார்கள். அம்மாவுக்கும் முதலில் வழி தெரியவில்லை. அப்போது சபையில் ஒரு நர்ஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். வேலூரில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது, அந்த அம்மா தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர், புத்தகங்களை யாருக்காவது சும்மா கொடுத்துவிடப் பார்க்கிறார் என்று. நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போனோம். திரும்பும்போது ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, தூக்க முடியாத கனம்.

கண்டக்டர் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, செங்கல்லா?" என்றார்.

"புத்தகம்."

"அதுக்குச் செங்கல்லே தேவலாமே" என்று சொல்லிவிட்டு, எங்களுக்காகப் படிக்கட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கட்டிலில் படுக்க இடமில்லை. புத்தகங்கள் மூன்று குவியலாகக் கிடந்தன. முதல் குவியல் வெள்ளைக்கார அம்மா கொடுத்தது. மெல்லிசு மெல்லிசான பயிற்சிப் புத்தகங்கள், வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் வேத வசனம். கணக்குப் புத்தகத்தில்கூடப் பிரளயப் பேழைக்குள் எத்தனை ஜோடி மிருகங்கள் போயின என்றுதான் கூட்டச் சொல்லும். இரண்டாவது, பழைய பேப்பர் கடையில் பொறுக்கியவை. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் எடைக்குப் போடும் அரசாங்கப் பாடநூல்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அரசாங்கமே சும்மா கொடுக்கும். எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, "வேணுங்கறத எடுத்துக்கோங்க டீச்சர்" என்று விட்டுவிட்டார். மூன்றாவது குவியல் பக்கத்து வீட்டுக் காலா கொடுத்தது. உருதுவில் காலா என்றால் சித்தி. அவர் மகன்கள் படித்து முடித்த இங்கிலீஷ் மீடியம் புத்தகங்கள், அட்டைமேல் அட்டை போட்டு, ஒரு கிறுக்கல் இல்லாமல் இருந்தன. "படிச்சிருந்தாத்தானே கிறுக்கியிருப்பானுங்க" என்றார் காலா.

எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று அம்மா உபவாசம் இருந்து ஜெபித்தாள். அப்பா தோல் கம்பெனியில் செலக்ஷன் பார்ப்பவர். வருகிற தோலையெல்லாம் வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, தரம் பிரிப்பதுதான் வேலை. அவர் புத்தகங்களையும் அப்படித்தான் தடவிப் பார்த்தார். "வெள்ளைக்காரன் பேப்பர் நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம ஊர்ல பரீட்சை வெக்கறது நம்ம கவர்மெண்டு. அத நெனப்புல வெச்சுக்கோ."

அம்மா முதல் குவியலையே எடுத்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம், அதில்தான் தேவ வார்த்தை இருக்கிறது என்று காரணம் சொன்னாள். நிஜக் காரணம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. அந்தப் புத்தகங்களில் ஜூன் இல்லை, மார்ச் இல்லை, முழுப் பரீட்சை இல்லை. முடிக்கும்போது முடித்துக்கொள்ளலாம், அடுத்ததை எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவளுக்குத் தேதி போடாத பாடம்தான் வேண்டியிருந்தது.

அந்தப் பாடங்கள் படுத்திய பாடு இருக்கிறதே! தம்பிக்கு அமெரிக்கக் காசுகளான டைம், நிக்கல், டாலர் எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. நாலணா என்றால் விழிப்பான். அம்மா பிரவுன் பேப்பரைக் கத்தரித்து ஆப்பிள் படத்தின்மேல் ஒட்டி மாம்பழம் வரைவாள், பனிமலைமேல் ஒட்டி ஏலகிரி வரைவாள். ஒரு பக்கத்தில் பிள்ளைகள் ஆற்றில் படகு விடுகிற படம் இருந்தது. அது இருக்கட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள்.

"அம்மா, அதுமேலயும் ஒட்டிடு" என்றான் தம்பி.

"ஏன்டா கண்ணு, ஆறுதானே?"

"நம்ம பாலாத்துல ஏதும்மா தண்ணி?"

அம்மா சிரித்துக்கொண்டே அதன்மேலும் ஒட்டினாள். அப்பா கம்பெனியிலிருந்து ஷூ வெட்டுகிற பழைய அட்டை மாதிரிகளைக் கொண்டுவருவார். தம்பி அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று பெயர் எழுதுவான். குதிகால் அட்டை ஒன்று இலங்கை ஆனது. சும்மா கிடைக்கிற எதுவும் எங்கள் வீட்டில் பாடமாகிவிடும்.

தபாலில் வரும் இலவச வேதாகமப் பாடங்கள் தனிக் கதை. ஒரு போஸ்ட் கார்டு போட்டால் போதும், சின்னப் புத்தகம் ஒன்று வீட்டுக்கே வரும். கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ். எங்கோ பெயர் தெரியாத ஊரில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் தம்பிக்கு "அன்புச் சகோதரருக்கு" என்று எழுதினார். பத்து வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தபால்காரர் வாசலில் நின்று, "சாருக்கு லெட்டர் வந்திருக்குது" என்று குரல் கொடுப்பார். சான்றிதழ்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. காலா வந்து அண்ணாந்து பார்த்து, "மாஷா அல்லா, டாக்டர் வூட்டுலகூட இவ்ளோ இல்ல" என்பார்.

ஆனால் அவன் ஏமாறவில்லை. அவை சும்மா கிடைத்தவை, எழுதுகிற எல்லாருக்கும் கிடைப்பவை என்று அவனுக்குத் தெரியும்.

ஈஸ்டர் அதிகாலையில் சபையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அவனுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தான். அந்த வருஷம், பாட்டுப் பாடி முடியும்வரை சும்மா இருக்கமாட்டாமல் கல் கல்லாகப் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு பழைய கல்லுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தச் சொன்னான். யாரோ பழைய காலத்து ஆசிரியர். பெயருக்குப் பின்னால் இ.எஸ்.எல்.சி. என்று வெட்டியிருந்தது.

"இது இன்னா படிப்புக்கா?"

"எட்டாவது. அந்தக் காலத்துல எட்டாவது பாஸ் பண்ணாலே டீச்சர் ஆயிடலாம்."

"இப்ப அந்தப் பரீட்சை இல்லியா?"

"இருக்குது. ஸ்கூலுக்குப் போகாதவங்க தனியா எழுதலாம்."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை. அன்று அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை வேறு எதற்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீடு திரும்பியதும் தன் நோட்டுகளையெல்லாம் எடுக்கச் சொல்லி, முதல் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்தான். "எடம் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றான்.

அப்பா கேலி செய்தார். "எட்டாவதையெல்லாம் பத்திரிகையில போடுவாங்களாடா?"

"மத்தவங்க போடல. நான் போடுவேன்."

ஆக, அம்மா ஒட்டுக் காகிதங்களை ஓரம் கட்டிவிட்டு, இரண்டாவது குவியலுக்கு வந்தாள். அரசாங்கத் தமிழ், அரசாங்கக் கணக்கு, அரசாங்க அறிவியல். தம்பி வெறியோடு படித்தான். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். இன்டர்நெட்டில் பாடமெல்லாம் சும்மா கிடைக்கிறதாம், வீட்டில் படிக்கவைக்கிற கிறிஸ்தவத் தாய்மார்களே எழுதிப் போடுகிறார்களாம், போய்ப் பார் என்று அம்மா என்னை அனுப்பினாள்.

கிடைத்தது. அமெரிக்காவில் எங்கோ பெரிய மரவீடுகளில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருந்த பெண்கள் கால அட்டவணை, படம், பரிசோதனை எல்லாவற்றையும் இலவசமாக வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று வாரம் ஆசை ஆசையாக அச்செடுத்து வந்தேன். அப்புறம் ஒரு நாள், தம்பியின் நோய்ப் பெயரைப் போட்டு, இப்படிப்பட்ட பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று தேடினேன். ஒரு தாய் ரொம்ப நன்றாக எழுதியிருந்தாள். மேசையை எவ்வளவு உயரம் வைப்பது, பென்சிலில் எதைச் சுற்றுவது, எப்போது இளைப்பாறவிடுவது என்று. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தேன். கீழே, எங்கள் மகன் பதினாறு வயதில் கர்த்தரிடம் போனான் என்று முடித்திருந்தாள்.

பக்கத்துக் கணினியில் யாரோ சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்து வெளியே வந்து, தோல் நாற்றமும் டீசல் புகையும் அடிக்கிற அந்தத் தெருவில் நின்று அழுதேன். கம்பெனி வாசலுக்குப் போய் அப்பா வெளியே வரும்வரை காத்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

கேள்வி இன்னதென்றே கேட்காமல் தலையாட்டினார். "உங்கம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சத மறக்கத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஓடறா."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைச் சொன்னார். எங்கள் சபையில் இல்லை. ஒரு வீட்டு மாடியில் தனியாகக் கூடுவார்கள். அங்கே ஒரு போதனை இருந்தது. வாயால் எதைச் சொல்கிறாயோ அது நடக்கும். ஆகையால் நோயை நோய் என்று சொல்லாதே, சுகம் என்று அறிக்கை செய். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று யார் கேட்டாலும், "சுகமா இருக்கான், ஸ்தோத்திரம்" என்பாள். சக்கர நாற்காலியில் அவனை வைத்துத் தள்ளிக்கொண்டே சொல்வாள். அந்த ஜெபக்காரர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் டாக்டரிடம்தான் ஓடினார்கள்.

அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்குத் தேவன் நமக்கென்று கொடுப்பது. அம்மா தம்பிக்காக எடுத்தாள். தளர்ந்த கைகள் பலப்படும் என்கிற கருத்தில் ஒரு வசனம் வந்தது. அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நான் தம்பியின் கையைப் பார்த்தேன். அரைப் பக்கம் எழுதினால் விரல் விட்டுப்போகும், பேனா நழுவும், அப்படி ஆகியிருந்தது அந்தக் கை.

எட்டாவது தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தோம். கையால் எழுத முடியாதவர்கள், தாங்கள் சொல்வதை எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: இவனால் எழுத முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று.

"மாட்டேன்" என்றாள் அம்மா. "என் புள்ளையால முடியாதுன்னு நான் வாயால கேக்கவும் மாட்டேன், எழுதி வாங்கவும் மாட்டேன். தேவன் கையைத்தான் பலப்படுத்தறேன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் நான் போய் முடியாதுன்னு சீட்டு வாங்கினா அவர நம்பலன்னுதானே அர்த்தம்?"

அப்பா அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "தோல்ல உண்ணி கடிச்ச எடம், கீறின எடம் எல்லாத்தையும் சாக்பீஸால வட்டம் போடுவேன். போட்டாத்தான் வெட்டறவன் அத வுட்டுட்டு மிச்சத்த நல்லா வெட்டுவான். போடாம வுட்டா மொத்தத் தோலும் வீணு. வட்டம் போடறதால ஓட்டை வராதுடி."

"எம்புள்ள தோலு இல்ல" என்றாள் அம்மா.

நான் கத்தினேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். தம்பிதான் முடித்துவைத்தான். "வுடுக்கா. அம்மா இவ்ளோ ஜெபம் பண்றாங்க இல்ல, பாக்கலாம்." சான்று இல்லாமலே விண்ணப்பம் போயிற்று. நுழைவுச் சீட்டு வந்தது. அவன் படத்தோடு, ஓர் எண்ணோடு. அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினான்.

தேர்வு மையம் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம். அப்பா அவனைத் தூக்கிப்போய் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே துண்டை மடித்து வைத்துவிட்டு வந்தார். அம்மா வேப்பமரத்தடியில் முழங்கால் போட்டாள். நான் ஜன்னல் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

எழுத ஆரம்பித்தான். தோளை அசைத்து, கையைத் தாளின்மேல் இழுத்து இழுத்து எழுதினான். கொஞ்ச நேரத்தில் பேனா விழுந்தது. மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தார். மறுபடி எழுதினான். மறுபடி விழுந்தது. இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தாள்மேல் வைத்துப் பார்த்தான். அந்த அம்மாள் குனிந்து அவனிடம் ஏதோ கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் எழுதவில்லை. கேள்வித்தாளை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை படித்தான். ஒரு தரம் நிமிர்ந்து, ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தான். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

வெளியே வந்ததும், "எப்படிக் கண்ணு இருந்துச்சு?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"எல்லாம் தெரிஞ்ச கேள்விம்மா" என்றான். அது பொய்யில்லை.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அம்மா அவன் கைகளை எடுத்து முத்தமிட்டாள்.

வீட்டுக்கு வந்து, அம்மா அடுப்படிக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டான். "அக்கா, ஒரு தாள் எடு. நான் சொல்றேன், நீ எழுது. தெரிஞ்சத சொல்லாம இருந்தா தொண்டையிலயே நிக்குது." கேள்வித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். மனப்பாடச் செய்யுளை நிறுத்தாமல் சொன்னான். கட்டுரைக்குத் தலைப்பு, முன்னுரை எல்லாம் சொன்னான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அடுப்படியில் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது அம்மா கரண்டியோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அங்கே எழுதாத பதிலைத்தான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று டீச்சருக்குத் தெரியாமல் போகுமா?

"எவ்ளோடா எழுதின?" என்றாள்.

"ரெண்டு கேள்விம்மா."

அம்மா வந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த தாள்களை வாங்கிச் சிவப்புப் பேனா எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். ஒரு பதிலில் விடுபட்ட வரியை எழுதிச் சேர்த்தாள். மதிப்பெண் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மற்றப் பரீட்சைகளுக்குப் போக வேண்டாம் என்றோம். அவன் கேட்கவில்லை. "நம்பர் குடுத்திருக்காங்க. எடம் காலியா இருந்தா வரலன்னு போட்டுடுவாங்க" என்றான். எல்லா நாளும் போனான். எல்லா நாளும் திரும்பிவந்து எனக்குச் சொன்னான். முடிவு வந்தபோது எல்லாப் பாடத்திலும் தோல்வி.

அடுத்த வாரம் அம்மா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் தாளை எடுத்து எழுதிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். நடக்க முடியுமா? நிற்க முடியுமா? தானாகச் சாப்பிட முடியுமா? எழுத முடியுமா? அம்மா ஒவ்வொன்றுக்கும், "முடியாது" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தரம். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவளுடைய இரண்டு கைகளும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் அவளை நிமிர்த்தி வைத்திருந்த ஒன்று அந்த அறையில் போய்விட்டது. நான் அவள்மேல் கோபப்பட்டதெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன், எனக்கு அந்த ஜெயம் வேண்டியிருக்கவில்லை.

சான்றோடு மறு விண்ணப்பம் போயிற்று. சொல்வதை எழுதக் காலாவின் கடைசி மகள் வந்தாள், ஏழாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் ஒத்திகை. "கையெழுத்தா இது, கோழி கிளறின மாதிரி" என்று தம்பி அவளைத் திட்டுவான். "கை வலிக்குது பாயீ, கொஞ்சம் கம்மியா சொல்லு" என்று அண்ணன் முறை வைத்து அவள் கெஞ்சுவாள். அம்மா பாடத்தைக் கேட்டுக்கொண்டே அவனுக்குச் சோறு ஊட்டுவாள். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. இருமித் துப்ப நெஞ்சில் பலமில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். மூச்சுக்கு ஏங்கிக்கொண்டே அம்மாவிடம், பரீட்சை தேதி வந்துவிட்டதா என்று கேட்டான். வரவில்லை என்றாள். வருவதற்கு முன்னால் அவன் போய்விட்டான். பதினைந்து வயது.

கல் வைக்கிறபோது நானும் அம்மாவும்தான் கல் வெட்டுகிறவரிடம் போனோம். அவருக்கு எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும். பெயரை எழுதிக்கொண்டார், பிறப்பும் இறப்பும் எழுதிக்கொண்டார். அப்புறம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"பேருக்குப் பின்னாடி படிப்பு இன்னா போடணும்மா?"

நான் அம்மாவை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்த்தேன். அம்மா அசையவில்லை.

"காற்புள்ளி வெச்சுடுங்க" என்றாள்.

"வெச்சு?"

"படித்துக்கொண்டிருந்தான்னு போடுங்க."

அவர் தயங்கினார். "அப்படியெல்லாம் யாரும் போடறதில்லம்மா. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நான் அவனோட டீச்சர்" என்றாள் அம்மா. "நான் சொல்றேன், போடுங்க."

போட்டார். நான் இன்னும் சபைக்குப் போகிறேன், ஆனால் புத்தாண்டில் தட்டு என்னிடம் வரும்போது அட்டை எடுப்பதில்லை. ஈஸ்டர் காலையில் அம்மாவைக் கூட்டிப்போகிறேன். எழுத்துகளில் அடித்த கறுப்பு மை மழையில் போய்விட்டிருக்கும். அம்மா கையோடு கொண்டுவந்த மையைத் தொட்டு முதலில் அந்தக் காற்புள்ளியை நிரப்புவாள்.